மொட்டு என்றால் பாஸா, ஃபெயிலா?

மாலை நாலரை மணிக்கு அடுப்பில் பால் வைத்திருந்த நேரம், பக்கத்து வீட்டுத் தம்பி வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கையில் அவளுடைய கணக்கு நோட்டு. "டீச்சர், பாப்பா தமிழ்ல மலராம், கணக்குல மொட்டாம். மொட்டுன்னா பாஸா, ஃபெயிலா? நூத்துக்கு எவ்வளவுன்னு சொன்னாத்தானே நமக்குப் புரியும்?" என்றார்.

தொடக்கப் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். இதே கேள்வியை எத்தனையோ அப்பாக்கள் கேட்டிருக்கிறார்கள். "உட்காருங்க தம்பி, டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம்" என்றேன். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்ட 'நூற்றுக்கு எவ்வளவு' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் பரீட்சையில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வடிவங்கள் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். ஒரு பிள்ளை வரிசையாக 23, 4, 15, 20 வாங்குகிறாள். மொத்தம் 62. இன்னொரு பிள்ளை 15, 16, 15, 16 வாங்குகிறான். அவனுக்கும் 62. ரேங்க் கார்டில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் முதல் பிள்ளைக்குக் கழித்தல் அறவே வரவில்லை. அடுத்து வகுத்தல் வரும். வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் கழிக்க வேண்டும். அங்கே அவள் தடுக்கி விழுவாள். 'இவளுக்கு வகுத்தல் வராது' என்று நாமும் சொல்லிவிடுவோம். பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. 62 என்ற எண் அதை மூடி வைத்திருக்கிறது.

தம்பி கொண்டுவந்த நோட்டைப் புரட்டினேன். 68-லிருந்து 25 போனால் 43 என்று சரியாகப் போட்டிருக்கிறாள். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறாள். 81-லிருந்து 46 போனால் 45. இரண்டும் தப்பு. ஆனால் இரண்டும் ஒரே மாதிரித் தப்பு. 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறாள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறாள். இது கவனக் குறைவு இல்லை. கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஆசிரியருக்கு அடுத்த வேலை என்ன என்று தெரிந்துவிடுகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது.

அடைவை வைத்து மதிப்பிடுவது என்பது இதுதான். பாடத்தை 'கடன் வாங்காமல் கழித்தல்', 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் எந்தத் திறன் வந்துவிட்டது, எதைப் பழகிக்கொண்டிருக்கிறது, எதை இன்னும் தொடங்கவில்லை என்று தேதியோடு குறிக்கிறோம். வராததைத் திரும்ப, வேறு விதமாக, கற்பிக்கிறோம். பிறகு வேறு கணக்குகள் கொடுத்துப் பார்க்கிறோம். ஐந்தில் நான்கு கணக்காவது சரியாக வந்தால் அடுத்த படி. முன்னால் வாங்கிய குறைந்த மதிப்பெண் அப்போது கணக்கில் வராது.

"அது எப்படி டீச்சர், பழைய மார்க்கை விட்டுடறது?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கிணற்றில் நீச்சல் பழகுகிற பிள்ளைக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்குவோம். முதல் வாரம் தண்ணீர் குடிப்பான். ஒரு மாதத்தில் குடுக்கை இல்லாமல் கிணற்றைக் குறுக்கே கடப்பான். முதல் வாரத்தையும் இன்றையும் கூட்டி இரண்டால் வகுத்து 'இவனுக்குப் பாதி நீச்சல்தான் தெரியும்' என்று யாரும் சொல்வதில்லை. ஜூனில் 20, செப்டம்பரில் 90 வாங்கிய பிள்ளையை 55 என்று சொல்வதும் அப்படித்தான்.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1963இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கரோல், ஒருவரின் கற்கும் திறன் என்பது அவருக்குக் கற்கத் தேவைப்படும் நேரத்தைக் கொண்டு அளக்க வேண்டியது என்று எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் அதைப் பிடித்துக்கொண்டு 1968இல், போதிய நேரமும் உதவியும் கிடைத்தால் பெரும்பாலான மாணவர்கள் பாடத்தை முழுமையாகக் கற்க முடியும் என்றார். நம் பள்ளிகளில் எல்லாருக்கும் ஒரே நேரம் கொடுக்கிறோம். கற்றது கூடக் குறைய ஆகிறது. கற்க வேண்டியது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், நேரம் கூடக் குறைய ஆகட்டும் என்பதுதான் புளூம் சொன்னதன் சாரம்.

நம் ஊரிலும் இது நடந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் அதை முன்னின்று நடத்தினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அப்போது வகுப்புச் சுவரில் ஏணிப்படி அட்டை தொங்கும். பிள்ளை தானே போய்த் தன் படியைப் பார்த்து, அந்தப் படிக்கு உரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். என் வகுப்பில் ஒரு பையன் காய்ச்சலில் பத்து நாள் வரவில்லை. திரும்பி வந்த அன்று என்னிடம் எதுவும் கேட்காமல் விட்ட படியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டான். பத்து நாள் பாடம் போய்விட்டதே என்ற பதற்றம் அவன் முகத்தில் இல்லை. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். அரும்பு, மொட்டு, மலர் என்பவை ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக்கு உரிய நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் மொட்டு என்றால், இரண்டாம் வகுப்புத் திறன்களில் இன்னும் பழக வேண்டியது இருக்கிறது என்று பொருள். அது பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. இப்போது எங்கே நிற்கிறாள் என்பதைச் சொல்கிற குறிப்பு.

இதில் சிக்கல்களும் உண்டு. 'மொட்டுப் பிள்ளைகள்' என்று கூப்பிடத் தொடங்கினால் அது இன்னொரு ரேங்க் ஆகிவிடும். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில், பதிவேடு எழுதவும் செயலியில் ஏற்றவும் நேரம் போனால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நேரம் இருக்காது. உட்கார்ந்து பார்க்காமல் போட்ட டிக், பதிவேட்டில் வெறும் மைதான். வந்துவிட்டது என்று குறித்த திறனை ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்காவிட்டால் அது மறந்தும் போயிருக்கும். ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, பதிவுகளைக் குறைத்தால்தான் இந்த முறை நிற்கும்.

டீ ஆறிப்போயிருந்தது. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டும் தனியாக இரண்டு குச்சியும் தம்பியிடம் கொடுத்தேன். "பாப்பாகிட்ட இருபத்தேழு குச்சி கேளுங்க. ஏழு குச்சி எடுக்க ஒரு கட்டைப் பிரிச்சே ஆகணும். பிரிச்சா கையில பன்னிரண்டு ஆகும். அவளே பிரிக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க" என்றேன்.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். என் பிள்ளைக்கு எது வந்துவிட்டது, அடுத்து எதைப் பழக வேண்டும், அதற்கு வீட்டில் நான் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியரிடம் உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கும்.