கியர்ப்பெட்டியை மாற்றும்போது பகிர்வுப் பெட்டியின் உறுப்புக்கள்

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் லாரிகளிலும் ஜீப்புகளிலும், கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி பூட்டப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதனை ‘டிரான்ஸ்பர் கேஸ்’ என்பர்; இக்கட்டுரையில் பகிர்வுப் பெட்டி என்று குறிப்போம். கியர்ப்பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை ஏற்று, அதனைப் பின்னச்சுக்கும், வேண்டும்போது முன்னச்சுக்கும் அனுப்புவது இதன் தொழில். தேய்ந்துபோன கியர்ப்பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வேளையில், பகிர்வுப் பெட்டியின் உறுப்புக்களுள் எவை இடம் மாறலாம், எவை மாறலாகாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

நம் நாட்டில் இக்கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. மஹிந்திரா நிறுவனத்தார் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பகுதிகளாகத் தருவித்து இணைக்கத் தொடங்கினர். 1965-ல் இலகுவகை லாரிகளின் உற்பத்தியையும் மேற்கொண்டனர். அக்காலத்து வண்டிகள் சில இன்றும் தோட்டங்களிலும் மலைப்பாதைகளிலும் உழைத்துவருகின்றன. அவற்றுக்குப் புதிய கியர்ப்பெட்டி கிடைப்பது அரிது. ஆதலின், பிரிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து எடுத்த பழைய பெட்டிகளையே மக்கள் வாங்குகின்றனர். பெங்களூரில் ஜே.சி. ரோடும், சென்னையில் புதுப்பேட்டையும் இவ்வகைத் தேடலுக்குப் பெயர் பெற்றவை.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் சந்து ஒன்றிலுள்ள சிறு பட்டறையில் இத்தகைய வேலை நடைபெறுவதை ஒருநாள் முழுதும் கண்டேன். மலைத்தோட்டம் ஒன்றுக்குச் சொந்தமான வண்டி அது. உரிமையாளர் வாங்கி வந்த கியர்ப்பெட்டியோடு வேறொரு வண்டியின் பகிர்வுப் பெட்டியும் ஒட்டியே இருந்தது. முதிய மெக்கானிக் உடனே வேலையில் இறங்கவில்லை. சாக்குக்கட்டியால் ஒரு பல்லில் குறியிட்டு, இரு பெட்டிகளின் நுழைவுச் சக்கரங்களையும் எண்ணினார். ஒன்றில் 26 பற்கள், மற்றதில் 29. “இனிமேல் பல்லை எண்ணாமல் விலை பேசாதீங்க, சார்” என்றார்.

அவர் எண்ணிய அச்சக்கரமே இவ்வேலையின் திறவுகோல். கியர்ப்பெட்டியின் பிரதான இருசு பின்புறமாக நீண்டு பகிர்வுப் பெட்டிக்குள் நுழைகிறது. அதன் நுனியில் நுழைவுச் சக்கரம் செருகப்பட்டு நட்டினால் இறுக்கப்பட்டுள்ளது. சக்கரத்தின் உட்புறக் காடிகள் கியர்ப்பெட்டியின் இருசோடு பொருந்தவேண்டும். வெளிப்புறப் பற்களோ பகிர்வுப் பெட்டியின் இடைச்சக்கரத்தோடு பொருந்தவேண்டும். அதாவது உள்ளே ஒரு பெட்டிக்கும் வெளியே மற்றொரு பெட்டிக்கும் உரியது அது. காடி பொருந்தினால் போதும் என்று கருதிப் புதிய கியர்ப்பெட்டியோடு வந்த சக்கரத்தை அப்படியே விட்டுவிடுவதே பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

ஸ்பைசர் 18 என்னும் பகிர்வுப் பெட்டியே பழைய ஜீப்புகளில் பொதுவாகக் காணப்படுவது. இதில் சுழற்சி நுழைவுச் சக்கரத்திலிருந்து இடைச்சக்கரத்துக்கும், அதிலிருந்து வெளியேறும் இருசின் சக்கரத்துக்கும் செல்கிறது. சமவெளியில் உயர்வேகத்தில் ஓடும்போதும் இடைச்சக்கரத்துக்கு ஓய்வில்லை. எப்போதும் பளுவைச் சுமக்கிறது. ஆதலின் இம்மூன்று சக்கரங்களையும் ஒரே தொகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். பற்களின் எண்ணிக்கை ஒத்திருந்தாலுங்கூட, நெடுநாள் ஒன்றோடொன்று தேய்ந்து படிந்த பற்களைப் பிரித்து அந்நியச் சக்கரத்தோடு சேர்த்தால், ஊளைபோன்ற ஓசையும் விரைவான தேய்வும் உண்டாகும்.

இடைச்சக்கரத்தைத் தாங்கும் இருசின் பருமனும் காலந்தோறும் மாறியுள்ளது. போர்க்காலப் பெட்டியில் முக்கால் அங்குலம். பின்னர் 1⅛ அங்குலம். அதன்பின் 1¼ அங்குலம். இருசு மாறினால் பெட்டியின் துளையும், ஊசி பேரிங்குகளும், இடைச்சக்கரமும் மாறும். வெளித்தோற்றத்தில் பெட்டிகள் ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணளவை நம்புதல் கூடாது. அளவுகோல் கொண்டு அளக்கவேண்டும்.

கழற்றும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பகிர்வுப் பெட்டியைப் பின்னோக்கி இழுக்கும்போது பிரதான இருசும் உடன்வந்துவிடக்கூடும். வந்தால், கியர்ப்பெட்டிக்குள்ளிருக்கும் வேக இணைப்பிகளின் சிறு துண்டுகள் அடியில் உதிர்ந்துவிடும். இதைத் தடுக்க, இருசில் இரண்டாம் கியர்ச் சக்கரத்தின் பின்னே கம்பி வளையம் ஒன்றை மாட்டி முன்புறம் இழுத்துக் கட்டுவர். ஒருமுழக் கம்பி ஒருநாள் வேலையைக் காப்பாற்றுகிறது. வெளியேறும் இருசின் கூம்பு பேரிங்குகளுக்கு 0.004 முதல் 0.008 அங்குலம் வரை நீளவாட்டில் அசைவு இருத்தல் வேண்டும். மெல்லிய தகடுகளைச் சேர்த்தோ நீக்கியோ இதனை அமைப்பர். பழைய பெட்டியிலிருந்த தகடுகளை எண்ணி அவ்வாறே வைத்தல் போதாது; மீண்டும் அளத்தல் வேண்டும்.

களப்பணியாளர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டியவை இரண்டு.

முதலாவது, நெம்புகோல் தண்டுகளுக்கிடையே உள்ள சிறிய பூட்டுக்கட்டை. விரல்நுனியில் அடங்கும் இரும்புத் துண்டு அது. முன்னச்சு இணைக்கப்படாதபோது குறைவேக நிலை விழாதபடி தடுப்பது அதன் பணி. ஏன் தடுக்கவேண்டும்? முதற்கியரில் 2.798 மடங்கு, குறைவேக நிலையில் 2.46 மடங்கு, அச்சில் 5.38 மடங்கு: இம்மூன்றையும் பெருக்கினால் திருப்புவிசை ஏறக்குறைய 37 மடங்காகிறது. கணித ஆசிரியர்கள் இதனை விகிதப் பெருக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்விசை இரண்டு அச்சுக்களுக்கும் பகிர்ந்து செல்வதற்குப் பதிலாகப் பின்னச்சின்மீது மட்டும் விழுமாயின், பளுவேற்றிய வண்டி மேடேறும்போது அச்சுத்தண்டு முறியக்கூடும். பெட்டியைப் பிரிக்கையில் உருண்டோடி மூலையில் ஒளியும் இத்துண்டு, மீண்டும் பூட்டும்போது மறக்கப்படுவது எளிது.

இரண்டாவது, கைப்பிரேக். பழைய ஜீப்புகளில் இதன் உருளை சக்கரங்களில் இல்லை. பகிர்வுப் பெட்டியின் பின்புற வாயிலில் உள்ளது. அவ்வாயிலின் எண்ணெய்த் தடுப்பு வளையம் பழுதானால் மசகு எண்ணெய் பிரேக் பட்டையை நனைத்து, பிடிப்பு அற்றுப்போகும். கியரில் வைத்து நிறுத்தினால் வண்டி நகராது என்பாருக்கும் ஓர் எச்சரிக்கை: பகிர்வுப் பெட்டியின் நெம்புகோல் நடுநிலையில் இருக்குமாயின், கியர்ப்பெட்டியில் எந்தக் கியர் விழுந்திருப்பினும் சக்கரங்கள் தடையின்றி உருளும். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தும்போதும் இக்கைப்பிரேக்கை நம்பலாகாது. டிபரன்ஷியல் வழியாக ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகச் சுழல இயலும். சக்கரங்களின்கீழ்க் கட்டை கொடுத்தே தீரவேண்டும்.

ஸ்ரீராம்புரத்துப் பட்டறையில், பழைய வண்டியின் பகிர்வுப் பெட்டியையே வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. அதன் நுழைவுச் சக்கரத்தின் காடிகள் புதிய கியர்ப்பெட்டியின் இருசில் தளர்வின்றி அமர்ந்தமையால் பற்சக்கரத் தொகுதி பிரியவில்லை. விலைகொடுத்து வாங்கிய மற்றப் பெட்டியிலிருந்து பூட்டுக்கட்டையும் அதன் வில்லுமே எடுக்கப்பட்டன. பழைய பெட்டியில் அவை இல்லை. எப்போது தொலைந்தன என்பது உரிமையாளருக்கே தெரியாது. மாலையில் வண்டியைத் தார்ச்சாலையில் பின்னச்சு இயக்கத்தில் மட்டும் ஓட்டிப்பார்த்தனர். திருப்பங்களில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் செல்வதால், கெட்டியான தரையில் நான்கு சக்கர இயக்கம் பெட்டியை முறுக்கிவிடும். அச்சோதனையை மறுநாள் ஊருக்கு வெளியே உழுத நிலத்தில் வைத்துக்கொண்டனர்.