முந்திப் பெறும் ஓய்வூதியமும் இல்லாளின் பங்கும்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மாங்காய்ச் சந்தையால் பெயர்பெற்ற பங்காருபாளையத்தை நம் வாசகர் பலர் அறிவர். அப்பக்கத்திலிருந்து ஆலை வேலைக்குக் குடிபெயர்ந்தோர் ஐம்பது வயதை எட்டியதும் ஊர் திரும்ப விழைவது இயல்பே. அவ்வேளையில் அவர்கள் அவசரமாக நிரப்பும் 10-டி படிவத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டுச் சேவை நிறைந்தவருக்கு 58 வயதில் முழு ஓய்வூதியம் உண்டு. வேலையை விட்டவர் 50 வயது முதலே அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டிற்கும் நூற்றுக்கு நான்கு வீதம் தொகை குறையும். குறைந்தது குறைந்ததே, 58 நிறைந்த பின்னும் மீளாது.

கணவர் மறைந்தால், அவர் பெற்றுவந்த தொகையில் பாதியே மனைவிக்கு. 3000 ரூபாய்க்கு உரியவர் 57 வயதில் கேட்டால் அவருக்கு 2880. பின்னர் மனைவிக்கு 1500-க்குப் பதில் 1440. அறுபது ரூபாய்தானே என்பீர்! ஐம்பதிலேயே கேட்டவர் இல்லத்தில் அக்குறைவு பன்மடங்காகும். 2014 முதல் மாதம் 1000 ரூபாய்க்குக் குறையாமல் தருகின்றனர் என்பது மெய்யே. அதில் மருந்துக்கடைக் கணக்கே தீராது.

கணவர் இருக்கையில் மனைவிக்கெனத் தனித்தொகை இத்திட்டத்தில் இல்லை. ஆகவே முடிவெடுப்பவர் ஒருவர், அதன் குறைவை நெடுநாள் சுமப்பவர் மற்றொருவர்.

காத்திருக்க வழியுள்ளோர் வேலையை விடுகையில் திட்டச் சான்றிதழ் பெற்றுவைக்கலாம். அதனை உடையவர் 58-க்கு முன்பே மறைந்தாலும் குடும்பத்திற்கு ஓய்வூதியம் உண்டு.