வீட்டு மொழியும் ஆங்கில ஆற்றலும்: ஸ்ரார் கவுண்டியை முன்வைத்து ஒரு குறிப்பு

குடிசன மதிப்புத் தரவுகள் நடுநிலையானவை எனக் கொள்ளப்படுவதுண்டு. ஆயின், வினாவின் அமைப்பினை நோக்காது விடைகளை விளங்கிக்கொள்ளல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவில், ரெக்சாஸ் மாநிலத்தின் தென் எல்லையில் அமைந்துள்ள ஸ்ரார் கவுண்டி இதற்குத் தக்க சான்றாகும். கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்டதொரு நிருவாகப் பிரிவு. விவசாயத்தைச் சார்ந்து வளர்ந்த இப்பிரதேசத்தில் 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 65,920 பேர் வாழ்ந்தனர். பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரின் வீட்டு மொழி ஸ்பானியம்.

1980 முதல் அந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோர் குறித்து மூன்று வினாக்கள் கேட்கப்பட்டு வருகின்றன. வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசப்படுகின்றதா, அம்மொழி யாது, ஆங்கிலத்தை எவ்வளவு நன்றாகப் பேசுவர் என்பனவே அவை. மூன்றாம் வினாவுக்கு ‘மிக நன்றாக’ என விடையளிக்காத அனைவரும், ‘நன்றாக’ என்றோர் உட்பட, ஆங்கில ஆற்றல் குறைந்தோர் என்ற ஒரே தொகுதியுள் அடக்கப்படுகின்றனர். ஆங்கிலம் மட்டும் பேசுவோரிடம் இவ்வினா கேட்கப்படுவதேயில்லை. ஸ்பானிய மொழியாற்றலோ எவரிடத்தும் அளக்கப்படுவதில்லை. இவ்வாறு, இரு மொழி அறிந்தவர் குறையுடையவராகவும் ஒரு மொழி மட்டும் அறிந்தவர் நிறைவுடையவராகவும் அட்டவணையிற் தோற்றம் பெறுகின்றனர்.

வரலாறு இதற்கு முரணானது. றியோ கிராண்டே ஆறு இரு நாடுகளின் எல்லையாக வரையறுக்கப்பட்டது 1848 ஆம் ஆண்டின் குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையினாலாகும். அதற்கு முன்னரே ஸ்பானிய மொழி அங்கு வேரூன்றியிருந்தது. பின்வந்த ஆட்சி, 1918 இல் ஆங்கிலமல்லாத மொழியிற் கற்பித்தலைக் குற்றமாக்கியது. அத்தடை 1969 இலேயே நீக்கப்பட்டது.

மொழிக் குறைபாடே வறுமைக்குக் காரணம் என்ற கருத்துநிலையும் ஆராயத்தக்கது. 1966 இல் ஸ்ரார் கவுண்டியின் முலாம்பழத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் கோரியது மணிக்கு 1.25 டொலர் ஊதியமும் தொழிற்சங்க அங்கீகாரமுமாகும். வேலைநிறுத்தத்தை ஒடுக்க மாநிலக் காவற்படை ஏவப்பட்டது. அதன் அத்துமீறல்கள் பற்றிய வழக்கு 1974 இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வறுமையின் அடிப்படை கூலி உறவிலேயே இருந்தது என்பதை இப்போராட்டம் புலப்படுத்துகின்றது.

எனினும் இத்தரவுகளைப் புறக்கணித்தல் தவறாகும். வாக்குரிமைச் சட்டத்தின் 1975 ஆம் ஆண்டுத் திருத்தம், தகுதி பெறும் பிரதேசங்களில் வாக்குச்சீட்டு முதலியவற்றை மக்களின் மொழியிலும் வழங்கப் பணித்தது. தகுதியை நிர்ணயிப்பவை இவ்வெண்களே. கூட்டாட்சி நிறுவனங்கள் மொழியுதவி வழங்கவேண்டும் என்ற 2000 ஆம் ஆண்டு ஆணையும் ஆங்கில ஆற்றல் குறைந்தோர் என்ற இதே வகைப்பாட்டினை முன்னிறுத்தியது. ஆங்கிலத்தை உத்தியோகபூர்வ மொழியாக்கிய 2025 மார்ச் மாத ஆணை அதனை இரத்துச் செய்தது. மக்களின் ‘குறை’ தொடர்ந்து கணக்கிடப்படுகின்றது. அரசின் கடப்பாடோ சுருங்கிவிட்டது.

எனவே, எத்தனை பேர் ஆங்கிலம் அறியார் என்ற வினாவுடன், அவர்தம் மொழியிற் பணியாற்றவல்ல அரச அலுவலகங்கள் எத்தனை என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். இரண்டாவது வினா இல்லாதவரை முதலாவது, ஆளப்படுவோர் மீதான தீர்ப்பாகவே அமையும்.