நடப்பதில் சிரமம் பெண்களுக்கே அதிகம். கணக்கெடுப்பில் ஆண்கள் அதிகம் - ஏன் இந்த முரண்பாடு?

புதுடெல்லி: மாடிப்படி ஏறுதல், சிறிது தொலைவு நடத்தல், தரையில் அமர்ந்து எழுதல் போன்ற அன்றாடச் செயல்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சிரமப்படுகின்றனர் என்பதை, பல நாடுகளில் முதியோரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஆனால், இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்பு இதற்கு நேர்மாறாக உள்ளது.

அக்கணக்கெடுப்பின்படி, நாட்டில் உடல் இயக்கக் குறைபாடு உடையோர் சுமார் 54 லட்சம் பேர். இவர்களில் ஆண்கள் 33 லட்சத்துக்கும் அதிகம். பெண்கள் ஏறத்தாழ 20 லட்சம் மட்டுமே.

கேள்வியில் உள்ள வேறுபாடு: சாலை விபத்திலும் பணியிடத்திலும் ஆண்கள் அதிகம் காயமடைவது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், கேட்கப்பட்ட கேள்வி. 2011 கணக்கெடுப்பில், 'இவர் மாற்றுத்திறனாளியா?' என்ற பொருளிலேயே வினா அமைந்திருந்தது. மூட்டு வலியுடன் வீட்டு வேலைகளைச் செய்துவரும் பெண்ணை, குடும்பத்தினர் மட்டுமல்ல, அவரே கூட மாற்றுத்திறனாளியாகக் கருதுவதில்லை.

ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் உருவான வாஷிங்டன் குழு, 'நடப்பதிலோ படி ஏறுவதிலோ சிரமம் உள்ளதா?' என்று கேட்கிறது. சிரமமில்லை, சற்றுச் சிரமம், மிகுந்த சிரமம், இயலவே இயலாது என நான்கு விடைகள் உண்டு. செயல்பாட்டுச் சிரமத்தை இவ்வாறு அளவிடும்போது, விடுபட்ட பெண்கள் கணக்கில் வருகின்றனர். உலக சுகாதார அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கையில், 18 வயதுக்கு மேற்பட்டோரில் கணிசமான செயல்பாட்டுச் சிரமம் உடையோர் பெண்களில் 19.2 சதவீதம், ஆண்களில் 12 சதவீதம் என மதிப்பிடப்பட்டது.

உடலியல் காரணங்கள்: உலக அளவில் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் 5 ஆண்டுகள் அதிகம் வாழ்கின்றனர். எனினும், அந்தக் கூடுதல் ஆண்டுகளில் பல, மூட்டுத் தேய்மானத்துடன் கழிகின்றன. 2019இல் உலகில் 52.8 கோடி பேருக்கு இப்பாதிப்பு இருந்தது. அவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் பெண்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. இயல்பிலேயே பெண்களின் தசை அளவு குறைவு என்பதால், முதுமையில் ஏற்படும் தசை இழப்பு அவர்களின் நடையை விரைவில் பாதிக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?: நலத்திட்டங்களும் மறுவாழ்வு வசதிகளும் எண்ணிக்கையின் அடிப்படையிலேயே வகுக்கப்படுகின்றன. கணக்கில் வராதவர்களின் தேவை, திட்டத்திலும் இடம்பெறாமல் போகிறது.

65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களாவது உடல் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. படி ஏற அம்மாவோ பாட்டியோ தயங்கினால், 'வயதானால் வருவதுதான்' என்று விட்டுவிடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நல்லது.