மாற்றுச் சிறுநீரகத்தில் ஊசிப் பரிசோதனை: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவரா நீங்கள்? இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால், “ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும்” என்பார் டாக்டர். “இருக்கிறதே ஒரு கிட்னி, அதிலேயும் ஊசியா?” என்று பலர் நாளைக் கடத்துகிறார்கள். இது சரியல்ல.

ஏன் இந்தப் பரிசோதனை?

புதிய உறுப்பை உடல் ஏற்க மறுத்தாலும் கிரியாட்டினின் ஏறும். சிறுநீரகத்தை வைரஸ் கிருமி தாக்கினாலும் ஏறும். முன்னதற்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். பின்னதற்குக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கிட்னியே போய்விடலாம். சதையைப் பார்த்தால்தான் எது என்று உறுதியாகும்.

எப்படிச் செய்கிறார்கள்?

மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில், தோலுக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே, சிறு சேமியாத் துண்டு போல் கொஞ்சம் சதை எடுப்பார்கள்.

என்ன தொந்தரவு வரலாம்?

சிறுநீரகம் இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு. ஆகவே முக்கியமான தொந்தரவு இரத்தக் கசிவுதான். ஓரிரு நாள் சிறுநீர் கறி கழுவின தண்ணி மாதிரி போகலாம். பெரும்பாலும் தானே நின்றுவிடும். சிலருக்கு இரத்தம் உறைந்து சிறுநீர்ப் பாதையை அடைக்கும். அல்லது சிறுநீரகத்தைச் சுற்றித் தேங்கி அதை நெருக்கும். அப்போது பிரஷர் ஏறும், சிறுநீர் குறையும். ஊசி பட்ட இடத்தில் தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு உண்டாவதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். இதனால் சிறுநீரகத்தையே இழப்பது மிக அரிது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.
2. பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள். பிரஷர் அதிகமானால் கசிவும் அதிகமாகும்.
3. பரிசோதனைக்குப் பின், சொல்லும்வரை அசையாமல் படுத்திருங்கள். ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்.
4. வீடு திரும்பியதும் சில நாள் தண்ணீர்க் குடம், மூட்டை தூக்க வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்

சிறுநீர் இரத்தமாகவோ கட்டிகளோடோ போனால், நின்றுபோனால், அடிவயிறு வீங்கி வலித்தால், தலை சுற்றினால், காய்ச்சல் வந்தால், ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சிறுநீரகம் அடைபட்டால் இன்னொன்று கைகொடுக்கும். உங்களுக்கு உழைப்பது இது ஒன்றே.