நெருப்பில்லாமல் கொதித்த தண்ணீர்

இரண்டு பொருள்கள் உரசும்போது நகர்வை எதிர்க்கும் உராய்வு விசையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த எதிர்ப்பை மீறித் தள்ள நாம் செய்யும் வேலை எங்கே போகிறது? உரசிய இடத்தைத் தொட்டால் சுடுகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டில் பலரும் சொன்ன விடை வேறு.

வெப்பம் என்பது எடையற்ற ஒரு பாய்மம், எல்லாப் பொருளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்றார்கள். அதன் பெயர் கலோரிக். 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனோடு அதுவும் இருந்தது. உலோகத்தைச் செதுக்கினால் உள்ளே இருந்த கலோரிக் வெளிப்படுகிறது, அதனால் சுடுகிறது என்று விளக்கினார்கள். இதை மூடத்தனம் என்று தள்ளக் கூடாது. சூடான பொருள் குளிர்ந்த பொருளைத் தொட்டால் வெப்பம் இடம் மாறுவதை அந்தக் கொள்கை அழகாகவே விளக்கியது.

அதை அசைத்தவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பெஞ்சமின் தாம்சனாகப் பிறந்து, பவேரிய அரசின் பணியில் உயர்ந்தவர். மியூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கி குடைவதை மேற்பார்வையிட்டபோது, குழலும் சீவல்களும் கொதிக்கக் கொதிக்கச் சுடுவதைக் கவனித்தார். செதுக்குவதால்தான் வெப்பம் வருகிறதென்றால், செதுக்காமல் உரச மட்டும் செய்தால் என்ன ஆகும்? வேண்டுமென்றே மழுங்கிய துரப்பணத்தை எடுத்தார். அவர் செய்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

சுமார் 51 கிலோ எடையுள்ள பித்தளை உருளைக்குள் அந்த மழுங்கிய முனையை ஏறத்தாழ 4,500 கிலோ பளுவுக்கு ஈடாக அழுத்தி, குதிரைகளைக் கொண்டு உருளையைச் சுழற்றினார். அரை மணி நேரம், 960 சுற்று. உருளையின் வெப்பநிலை 15.5 டிகிரி செல்சியஸிலிருந்து 54 டிகிரிக்கு ஏறியது. உதிர்ந்த தூளை நிறுத்துப் பார்த்தார்: 54 கிராம். தன்னைப் போல் 940 மடங்குக்கு மேல் எடையுள்ள பித்தளையைச் சூடாக்கும் அளவுக்கு அந்தத் தூளில் கலோரிக் இருந்ததா? சம எடையுள்ள சீவல்களையும் அதே உலோகத்தின் மெல்லிய துண்டுகளையும் ஒரே அளவு சூடாக்கிக் குளிர்ந்த நீரில் போட்டு ஏற்கெனவே சோதித்திருந்தார். இரண்டும் நீரை ஒரே அளவில்தான் சூடாக்கின. சீவலாக மாறியதால் உலோகம் எதையும் இழந்துவிடவில்லை.

காற்றிலிருந்து வந்திருக்குமோ என்ற ஐயமும் எழக் கூடாதென்று, உருளையை மரப்பெட்டியில் எட்டரை கிலோ தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. அடுப்பே இல்லாமல் கொதிப்பதைச் சுற்றி நின்றவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். உரசிக்கொண்டிருந்தவரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத ஒன்று பொருளாக இருக்க முடியாது, அது இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் அறிவித்தார்.

அவர் சொன்ன இயக்கம் எதனுடையது என்பதை இன்று விளக்க முடிகிறது. வழவழப்பான உலோகமும் நுண்ணிய அளவில் மேடுபள்ளம்தான். இரண்டு பரப்புகள் மேட்டு முனைகளில் மட்டுமே தொடுகின்றன. அம்முனைகள் ஒட்டி, நசுங்கி, பிய்யும்போது அணுக்களின் அதிர்வு கூடுகிறது. அதையே வெப்பமாக உணர்கிறோம்.

கலோரிக் கொள்கை உடனே ஒழிந்துவிடவில்லை. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்ற துல்லியக் கணக்கை ரம்ஃபோர்டு தரவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். அவருடைய துடுப்புச் சக்கரச் சோதனையை அடுத்த வாரம் பார்ப்போம்.