விடுமுறைக் காப்பி

மார்கழித் திங்களிற் கலாசாலைக் கதவுகள் அடைபட்டவுடனே தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் ஒரு வழக்கம் தலைகாட்டுகின்றது. சென்னை, மதுரை, கோவை முதலிய நகரங்களிற் பயிலும் மாணாக்கர் தத்தம் ஊர் புகுந்து, பெற்றோர் முகங்கண்டு, தாயர் இட்ட உணவை உண்டு, ஓரிரவு உறங்கி எழுந்ததும், பள்ளியில் உடன்பயின்ற தோழரைத் தேடிப் புறப்படுவர். அவர் கூடுமிடம் பெரும்பாலும் வீடன்று; விளையாட்டு வெளியுமன்று; கடைத்தெருவிலுள்ள காப்பிக்கடையே. இவ்வழக்கம் எளியதாகத் தோன்றினும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. இதனைக் காத்தற்கு ஒரு நெறியும் உண்டு. அவ்விரண்டையும் சுருங்க விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக எமது ஊராகிய அம்பாசமுத்திரத்தைக் கொள்வோம். அது பொதிய மலையை அடுத்துத் தாமிரவருணியாற்றின் வடகரையில் அமைந்தது. எதிர்க்கரையில் அப்பளத்திற்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி உள்ளது. ஐப்பசி கார்த்திகைகளிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் மார்கழியில் ஆறு பெருகிச் செல்லும். பிசான நெற்பயிர் வயலெங்கும் பசுமை காட்டும். விடியலில் மலைமுகடு பனிமூட்டத்தில் மறைந்து நிற்கும். மேனாட்டிற்போல வெண்பனி வீழும் குளிர் ஈண்டில்லை. எனினும், ஆண்டு முழுதும் வெயிலிற் பழகிய உடலுக்கு இக்குளிரே சூடான டம்ளரைக் கையிற் பற்றுதற்குப் போதிய காரணமாகின்றது.

இனி, காப்பி நம்மவர்க்குத் தொன்றுதொட்டு வந்த பானமன்று. அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. அங்கிருந்து செங்கடல் கடந்து ஏமன் நாட்டை அடைந்து, அராபியரால் உலகெங்கும் பரவிற்று. பாபா புதன் என்னும் முஸ்லிம் பெரியார் ஏழு விதைகளைக் கொணர்ந்து மைசூர்ச் சீமையிலுள்ள சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது கர்ணபரம்பரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். அதுகாறும் நம் முன்னோர் காலையில் அருந்தியது நீராகாரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி நடுத்தர வகுப்பினர் இல்லங்களிற் புகுந்தபோது, அஃது உடலையும் ஒழுக்கத்தையும் கெடுக்கும் என்று அஞ்சினார் பலர். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இம்மாறுதலை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே பெயரிட்டார். இன்று நம் பாட்டிமார் விருந்தினரை நோக்கி முதற்கண் வினவுவது காப்பி குறித்தே என்பதை எண்ணும்போது, அந்நியப் பொருளொன்று எத்துணை விரைவில் வீட்டுப்பொருளாயிற்று என்பது புலனாகும்.

காப்பி போடும் முறையும் கூட்டத்திற்கு ஏற்றதாகவே அமைந்துள்ளது. நம்நாட்டுப் பில்டர் இரண்டு பாத்திரங்களால் ஆயது. மேற்பாத்திரத்தின் அடி முழுதும் நுண்ணிய துளைகள். அதிற் பொடியை இட்டு, மெல்ல அழுத்தி, கொதிநீரை வார்ப்பர். நீர் பொடியின் சாரத்தைக் கவர்ந்துகொண்டு துளித்துளியாகக் கீழ்ப்பாத்திரத்தில் இறங்கும். அதுவே டிகாக்ஷன். பொடியோடு சிக்கரியும் கலப்பதுண்டு. சிக்கரி என்பது ஒருவகைச் செடியின் கிழங்கு. வறுத்து அரைத்த அப்பொடி டிகாக்ஷனுக்குக் கருநிறமும் செறிவும் தரும். ஆயின், காப்பிக்குரிய ஊக்கப்பொருள் அதில் இல்லை. டிகாக்ஷன் இறங்குவதை விரைவுபடுத்தல் இயலாது. பின்னர்க் கொதிக்கும் பாலோடு கலந்து டபராவில் வந்த காப்பியும் உடனே குடிக்க வாராது. ஆற்றிக் குடித்தல் வேண்டும். காத்திருப்பதும் ஆற்றுவதுமாகிய அவ்வேளையிலேதான் பேச்சு பிறக்கின்றது.

காப்பிக்கடை பேச்சுக்கு நிலைக்களமாயது நம் நாட்டில் மட்டுமன்று. 1652ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பாஸ்குவா ரோசே என்பார் காப்பிக்கடையொன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அத்தகைய கடைகள் அந்நகரிற் பெருகின. ஒரு பென்னிக் காசு கொடுத்தவர் எவராயினும் உள்ளே அமர்ந்து, செய்தித்தாள் படித்து, அயலாரோடு வாதிடலாம். இங்ஙனம் மக்கள் கூடிப் பேசுவதை அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675 டிசம்பர் 29ஆம் நாள் காப்பிக்கடைகளை மூடும்படி ஆணை பிறப்பித்தார். மக்களிடையே எழுந்த எதிர்ப்பைக் கண்டு 1676 சனவரியிலேயே, அஃதாவது சில நாட்களுக்குள்ளேயே, அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். வேந்தன் அஞ்சியது காப்பியையன்று. வேறுபட்ட நிலையினர் ஒரு பலகையில் அமர்ந்து பேசுவதையே.

நம் நாட்டிலோ அந்தப் பலகையே எல்லார்க்கும் உரியதாய் இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காப்பி கிளப்புகள் பலவற்றில் பிராமணர்க்குத் தனியிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் வகுக்கப்பட்டிருந்தன. தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் உட்புகவும் இயலாதிருந்தது. சிற்றூர்க் கடைகளில் அவர்க்கெனத் தனிக்குவளை வைக்கும் கொடுமையும் நிலவிற்று. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை பற்றிக் கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. 17ஆம் உறுப்பு தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் அதனைக் குற்றமாக்கித் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும், தனிக்குவளை வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. ஆதலின், வெவ்வேறு தெருக்களிற் பிறந்த ஐவர் ஒரு கடையில் ஒருசேர அமர்ந்து ஒரேவகை டம்ளரிற் காப்பி அருந்துவதை அற்பமெனக் கருதற்க. பலர் பாடுபட்டுப் பெற்றுத் தந்த உரிமை அது.

நண்பர் வீட்டிற் கூடலாகாதோ எனின், கூடலாம். ஆனால், வீடுகள் ஒரு தன்மையன அல்ல. ஒருவர் வீட்டில் விசாலமான கூடம் இருக்கும். மற்றொருவர் வீட்டில் அறுவர் உறங்குவதற்கு ஓரறையே இருக்கும். வசதியுள்ளவர் வீட்டிலேயே எப்பொழுதும் கூடினால், ஒருவர் என்றும் விருந்தளிப்பவராகவும் மற்றொருவர் என்றும் விருந்தினராகவும் நிலைத்துவிடுவர். காப்பிக்கடையில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. “அண்ணாச்சி, அஞ்சு காப்பி” என்று எவர் குரல் கொடுத்தாலும் ஒரே காப்பி வரும், ஒரே விலை.

எனினும், சமத்துவத்தைச் சட்டமும் கடையும் மட்டுமே காத்துவிட இயலாது. பள்ளியில் ஒரு வகுப்பில் அமர்ந்தவர் அனைவரும் கலாசாலைக்குச் செல்வதில்லை. எம் குழுவினர் ஐவரில் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் குடும்பத்தின் பொருட்டுத் துணிக்கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். கிறிஸ்து பிறந்த திருநாளும் பொங்கலும் துணிக்கடைகட்கு வியாபார காலம். எமக்கு விடுமுறையாகிய அந்நாட்களே அவர்க்கு ஓய்வில்லா நாட்கள். முற்பகல் பதினொரு மணிக்குக் கூடினால் நால்வர் வருவர், ஐந்தாமவர் வாரார். சில ஆண்டுகள் இங்ஙனம் சென்றால், அவர் வாராமையே இயல்பென்று ஆகிவிடும். எவரும் எவரையும் விலக்காமலே ஒரு நட்பு அறுந்துபோகும். இதுவே இவ்வழக்கத்திற்கு நேரக்கூடிய பெருந்தீங்கு.

ஆதலால், இரவு ஒன்பதரை மணியே எம் கூட்டத்திற்குரிய வேளை என்று வகுத்துக்கொண்டோம். துணிக்கடை கதவடைத்த பின் அவர் வருவார். பகல் முழுதும் நின்றே பணிபுரிந்தவராதலின், முதலிற் பலகையில் அமர்ந்து கால்களை நீட்டுவார். கடை ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று தமிழக அரசு 2021ஆம் ஆண்டிற் சட்டத்தைத் திருத்தியது. அச்சட்டத்தை யாம் நூலகத்திற் படித்தறிந்தோம். அதன் தேவையை அவர் கால்கள் அறியும். அவர் வந்தபின் பேச்சும் மாறும். தேர்வு, விடுதி, பேராசிரியர் என்றே பேசிக்கொண்டிருந்தால் அவர் கேட்போராக மட்டுமே இருத்தல் கூடும். துணியின் தரத்தைத் தொட்டறிவது எங்ஙனம், சிற்றூரிலிருந்து வரும் குடும்பம் ஒரு புடவைக்காக எவ்வளவு நேரம் கணக்கிடுகின்றது என்பன போன்றவற்றை அவர் கூறக் கேட்டபோது, யாம் வகுப்பறையிற் கல்லாத பாடங்களைக் கற்றோம்.

சென்ற விடுமுறையில் ஒருநாள் அவர், “இன்று என் கணக்கு” என்று கூறி ஐந்து காப்பிக்கும் தாமே காசு கொடுத்தார். யாம் தடுத்திலேம். படிப்பவர் கொடுக்கலாம், உழைப்பவர் கொடுக்கலாகாது என்பது எந்நூலிலும் இல்லை. தடுத்திருந்தால், இரக்கம் என்னும் பெயரால் அவரைத் தாழ்த்தியவராவோம். திருவள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, பழைமை என 81ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். நெடுநாட் பழகியவர் உரிமையாற் செய்வதை மறுக்காது ஏற்பதே அவ்வதிகாரத்தின் கருத்து. விடுமுறைக் காப்பி அப்பழைமையைப் புதுப்பிக்கும் கருவியாகும்.

மற்றொரு குறையும் உண்டு. எம்மோடு பயின்ற பெண்கள் இரவிற் கடைத்தெருவில் அமர்தலை ஊர் இன்னும் ஏற்கவில்லை. மேற்கூறிய உறுப்பிற் பால் என்னும் சொல்லும் உளது. ஊர்வழக்கோ அச்சொல்லை இன்னும் கற்கவில்லை. அவர் பொருட்டு ஞாயிறு மாலையில் ஒருமுறை வெளிச்சமும் குடும்பத்தார் நடமாட்டமும் உள்ள பேக்கரியிற் கூடுகின்றோம். துணிக்கடைத் தோழர்க்கு அன்றும் ஓய்வில்லை. எனினும், மாலையிற் கிடைக்கும் கால்மணிப்பொழுதில் அவரும் ஓடிவந்து செல்கின்றார்.

ஆகவே, அன்பர்காள், ஊர் புகுந்ததும் வேலைக்குச் செல்லும் தோழரது ஓய்வு நேரத்தை முதலிற் கேட்டறிக. அதற்கேற்பக் கூட்டத்தின் பொழுதைக் குறிக்க. குளிரூட்டிய அறையிற் பன்மடங்கு விலைக்கு விற்கும் காப்பி எல்லார் கைக்கும் எட்டுமோ என எண்ணிப்பார்த்து இடத்தைத் தெரிக. கைபேசியைச் சட்டைப்பையில் வைத்து, எதிரிலிருப்பவர் முகத்தை நோக்குக. அவர் காசு கொடுக்க முன்வரின் மறுக்கற்க. விடுமுறை பத்துநாளே, பள்ளித்தோழர் வாழ்நாள் முழுமைக்கும் உரியவர்.